தேவானை காட்டிய ஆறாவது ஆள்

ஒரு முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், தேவானைக்கு மறக்காது. தி.நகர் புடவைக் கடை ஒன்றில், இரண்டாவது மாடியில், இருபத்திரண்டு வருஷமாகப் புடவை விரித்துப் போடுகிறாள். படியேறி வருகிறவர்களிடம், "போன தீபாவளிக்கு மாம்பழக் கலர் எடுத்தீங்களே, சாயம் நிக்குதா?" என்று கேட்பாள். அப்புறம் அந்த ஆள் வேறு கடைக்குப் போவாரா? முதலாளி சண்முகசுந்தரம் அண்ணாச்சி, இவள் இருக்கும்போது கம்ப்யூட்டர் எதற்கு என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். தேவானைக்கு அன்றைக்கெல்லாம் பசிக்காது.

அந்தப் பெருமைதான் அவளைச் சைதாப்பேட்டை கோர்ட்டு வராந்தாவில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், வேலை முடிந்து நடந்து போனவளின் கழுத்துச் செயினை பைக்கில் வந்த ஒருவன் அறுத்தான். இழுத்த இழுப்பில் விழுந்து முழங்கை உடைந்தது. அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து, ஜெயிலில் மாஜிஸ்திரேட் முன்னால் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி, அடையாளம் காட்டச் சொன்னார்கள். ஆறாவது ஆளிடம் வந்ததும் அவள் நின்றுவிட்டாள். பார்த்த முகம். சந்தேகமே இல்லை, பார்த்த முகம். கையை நீட்டிவிட்டாள்.

சாந்தோமில் ஏ.சி. ரிப்பேர் பார்க்கிற நோயல் அவன். அதே நிறத்தில் பைக் வைத்திருந்ததால் பிடித்திருந்தார்கள். செயின் கிடைக்கவில்லை. தேவானையின் விரலை விட்டால் வழக்கில் வேறு ஒன்றுமில்லை.

இன்று சாட்சி சொல்லும் நாள். எதிர் பெஞ்சில் ஒரு பெண், இரண்டு வயசுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நோயலின் மனைவி என்று கோர்ட்டுப் போலீஸ்காரர் சொன்னார். தேவானையின் கண் அவள் புடவைக்குத்தான் போனது. சந்தன நிறம், அரக்கு பார்டர். தன் கையால் மடித்துக் கொடுத்த புடவை. தொழில் புத்தி யாரை விட்டது? சாயம் நிற்கிறதா என்று கேட்க வாய் திறந்தே விட்டாள்.

அப்போதுதான் மீதியும் ஞாபகம் வந்தது. பிள்ளைக்கு ஞானஸ்நானம், கோயிலுக்குக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, இந்தப் பெண் முப்பது புடவையாவது விரிக்க வைத்தாள். புருஷன் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் தேவானைக்கு நேர் எதிரே நின்றான். செயின் போவதற்கு இரண்டு மாதம் முன்பு.

அந்தப் புருஷன்தான் ஆறாவது ஆள்.

தேவானை கண்ணை இறுக்க மூடி, பைக்கில் வந்தவனை மறுபடி வரவழைத்துப் பார்த்தாள். நோயல் திரும்பிப் பார்த்தான். அழித்துவிட்டு முதலிலிருந்து பார்த்தாள். நோயல்தான். நாலாவது தடவை, பைக் ஓட்டுகிற நோயலின் தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் பயந்து கண்ணைத் திறந்தாள். இருபத்திரண்டு வருஷம் சோறு போட்ட ஞாபகம், ஓரிடத்து முகத்தை எடுத்து இன்னோரிடத்தில் ஒட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி இருந்திருக்கிறது. இன்னும் எதையெல்லாம் ஒட்டி வைத்திருக்கிறதோ, யார் கண்டது?

அரசு வக்கீல் பரத்வாஜிடம் ஓடினாள். கடையில் பார்த்த முகம் அது என்று அவள் சொன்னதை அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார், பிறகு தூக்கினார்.

"கடைக்கு வந்தவன் செயின் அறுக்க மாட்டானாம்மா?"

அறுத்தாலும் அறுத்திருப்பான். இப்போது மாற்றிச் சொன்னால் பொய்ச்சாட்சி வழக்கு அவள் மேலேயே திரும்பும் என்றும் அவர் சொல்லி வைத்தார். ஜெயிலில் கம்பிக்குப் பின்னால் தான் நிற்பதாக நினைத்துப் பார்த்தாள். அதுவும் நேரில் பார்த்தது போலவே தெளிவாகத் தெரிந்தது.

பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். எதிர்க் கூண்டில் நோயல், இளைத்துப் போய், அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். செயின் அறுத்தவன் இங்கே இருக்கிறானா என்று பரத்வாஜ் கேட்டார்.

"இவர கடைல பாத்துகீறேன் சார். பைக்ல வந்தவன் மூஞ்சி எனக்கு ஞாபகம் இல்ல."

ஞாபகம் இல்லை என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து அதுவரை வந்ததே இல்லை. பரத்வாஜுக்குக் கோபம் வந்துவிட்டது. யாராவது மிரட்டினார்களா, அன்றைக்கு மட்டும் எப்படி ஞாபகம் இருந்தது என்று மாற்றி மாற்றிக் கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் இல்லை, தெரியாது என்றாள். கடைசியில் அவர் பக்கத்தில் வந்தார்.

"சரி, இப்போ கண்ணை மூடுங்க. பைக்ல யார் தெரியறாங்க?"

தேவானை கண்ணை மூடினாள். பொய் சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது?

"இவருதான் தெரியறாரு சார். நான் பாக்காதத கூட பாத்த மாதிரியே தெரியுது. அதான் பயமா கீது."

சாட்சியத்தை டைப் அடிப்பவர் இதில் எதை அடிப்பது என்று தெரியாமல் மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார்.