சத்தம் பத்தலைண்ணா!

கேசட் பதிந்து கொடுக்கும் தொழிலில் காது கெடாது, வாய்தான் கெடும். தொண்ணூறுகளில் ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள். ஃபேக்டரி வேலைக்கு வந்த டிப்ளமோ பையன்களுக்கு இங்கிலீஷ் ராக் என்றால் உயிர். பெங்களூர் போய் சி.டி. வாங்கிவந்து கேசட்டில் ஏற்றித் தருவேன். எனக்கு ஒரே ஒரு கொள்கை. பதியும்போது சத்த அளவைக் காட்டும் மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொடக்கூடாது. தொட்டால் ட்ரம்ஸ் தகர டப்பா ஆகிவிடும். மெல்ல வருவது மெல்ல வரணும், ஓங்கி வருவது ஓங்கி வரணும்.

எதிர்க்கடை அன்வர் பாய்க்கு அந்தத் தொல்லையே இல்லை. அவர் முள் சிவப்பிலேயே குடியிருந்தது. அங்கே சத்தம் அதிகம் என்று என் வாடிக்கையும் ஒவ்வொன்றாக ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். கடை வைத்து அவதிப்பட்டவர்களுக்கு நான் விளக்கவா வேண்டும்?

காலை ஷிப்டு பஸ்

மத்திகிரியிலிருந்து ஆள் ஏற்றிவரும் கம்பெனி பஸ் டிரைவர் கோவிந்தப்பா. பையன்கள் நச்சரித்தார்கள் என்று ஒரு பழைய ராக் ஆல்பத்தைப் பதிந்து வாங்கிப் போனார். முதல் பாட்டில் கிட்டார் ரகசியம் பேசுகிற மாதிரி ஆரம்பிக்கும். பஸ் இன்ஜின் உறுமுகிறபோது அது யார் காதில் விழும்? கேசட் ஓடவில்லை என்று நினைத்து மனுஷன் வால்யூமைக் கடைசிவரை திருகிவிட்டார். அப்புறம் இறங்கியது பாருங்கள் ட்ரம்ஸ்! தூங்கிவழிந்த பஸ் மொத்தமும் அலறி எழுந்ததாம். டிபன் பாக்ஸெல்லாம் உருண்டதாம். லாரி மோதிவிட்டது என்று ஒருவர் எமர்ஜென்சி கதவைத் திறக்கவே போய்விட்டாராம்.

சாயங்காலம் வந்து கேசட்டை மேஜைமேல் போட்டார். "பாட்டுன்னா ஏறுனதுல இருந்து எறங்குற வரைக்கும் ஒரே மாதிரி ஓடணும்ண்ணா. இது என்னா, மேடும் பள்ளமுமா, எங்க ஊரு ரோடு மாதிரி!"

ஸ்டிக்கர்

பெங்களூரிலிருந்து தினமும் வேலைக்கு வந்துபோகும் இன்ஜினியர் பிரகாஷ், அதே ஆல்பத்தின் புது சி.டி.யைக் கொண்டுவந்தார். 'ரீமாஸ்டர்' என்று தங்கக் கலரில் ஸ்டிக்கர். பழைய டேப்பை எடுத்துத் தூசு தட்டி மெருகேற்றி வெளியிட்டிருக்கிறார்களாம். போட்டுப் பார்த்தேன். எழுந்த முள் இறங்கவே இல்லை. ரகசியக் கிட்டாரும் ட்ரம்ஸும் ஒரே உயரத்தில் நின்று கத்தின. "மெருகு இல்ல சார், சத்தத்தை மட்டும் ஏத்தி வெச்சிருக்கான்" என்றேன். "உன் காதுக்கு வயசாயிடுச்சு குரு" என்றார்.

விடுவேனா? அவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தேன். புதுசின் சத்தத்தைக் குறைத்து, பழசுக்குச் சமமாக வைத்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன். மனுஷன் கண்ணை மூடி, தலையை ஆட்டி, "இதோ, இதுதான் ரீமாஸ்டர்! என்ன ஆழம்!" என்று பழசைக் காட்டினார். கடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் அசரவே இல்லை. "உன் ஆம்ப்ளிஃபையர்ல ஏதோ கோளாறு குரு. ஸ்டிக்கர் பொய் சொல்லுமா?"

பின்வாசல் வாடிக்கை

ஒருநாள் மத்தியானம் அன்வர் பாய் பின்வாசல் வழியாக வந்தார். கையில் காலி கேசட். வீட்டில் கேட்க வேண்டுமாம், நான்தான் பதிந்து தரவேண்டுமாம். "ஏன் பாய், உங்க மெஷினுக்கு என்னா?" என்றேன். டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "வியாபாரம் வேற, காது வேற தம்பி."

பிரஸ் ஷாப் முனிராஜ்

முனிராஜ் அதே ஆல்பத்தின் கேசட்டைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தான். "நடுவுல பாட்டு நின்னுடுதுண்ணா, அப்புறம் அதுவா வருது" என்பான். போட்டுப் பார்த்தால் எங்கேயும் நிற்கவில்லை. நடுவில் வாத்தியமெல்லாம் அடங்கி, ஒரு குரல் மட்டும் மெல்லப் பாடும். அதுதான் அந்தப் பாட்டின் உயிரே. மறுபடி வந்தபோது எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "காதுல பஞ்சா வெச்சிருக்க?" என்று கத்திவிட்டேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தான். "பிரஸ் ஷாப்ல வேலைண்ணா. தகடு வெட்டுற மெஷின் பக்கத்துலயே நிக்கறன். மெதுவா வர்றது இப்பல்லாம் கேக்கறதில்ல. சத்தம் வெச்சா ட்ரம்ஸ் வர்றப்ப பக்கத்து ரூம்காரன் சண்டைக்கு வர்றான்." எனக்கு அவமானமாக இருந்தது. இவ்வளவு நாளும் அந்தக் குரலை அவன் கேட்டதே இல்லை!

பிரகாஷ் விட்டுப்போன ஸ்டிக்கர் சி.டி.யை எடுத்தேன். என் கையாலேயே முள்ளைச் சிவப்புக்கு ஏற்றிப் பதிந்து, ஹெட்போனை அவன் தலையில் மாட்டினேன். நடுப்பகுதி வந்தது. காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். கண் விரிந்தது. ஹெட்போன் மாட்டியிருப்பதை மறந்து, எதிர்க்கடை பாய் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினான்: "அண்ணா! இங்க ஒருத்தன் பாடறான்ண்ணா!"

மறுநாள் முதல் பிரஸ் ஷாப்பே என் கடைக்கு வந்து நின்றதால் ஷட்டர் தப்பியது, நானும் கேசட் கேட்டு வருகிறவனிடம் எந்த ஆல்பம் என்று கேட்பதற்கு முன்னால் எந்த டிபார்ட்மெண்ட் என்று விசாரிக்கக் கற்றுக்கொண்டேன்.