உண்டா, இல்லையா?

ஞானையா அண்ணாச்சியைக் கல்நெஞ்சக்காரர் என்று சொன்னவன் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும். தூத்துக்குடி ரேஷன் ஆபீசில் அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. காசிலிங்கம் என்றால் எல்லாருக்கும் தெரியும். யுத்த காலம். பர்மா அரிசி நின்றுபோய், கார்டு இருந்தால்தான் அடுப்பு எரியும்.

கேள்விகளை வரிசைப்படுத்தியவர் அவர்தான். பெயர், தெரு, வீட்டில் எத்தனை பேர், அரிசி உண்டா இல்லையா. கடைசிக் கேள்விக்கு ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும்தான் பதில் வர வேண்டும்; ‘இல்லை’ என்றால்தான் அரிசிச் சீட்டு. வேறு எதைச் சொன்னாலும் திரும்பக் கேட்பார். மறுபடியும் தப்பினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான்.

“வாயில வந்ததை எல்லாம் எழுதினா ஊரே பட்டினி கெடக்கும், காசி” என்பார்.

அவர் மனைவி ரோஸ் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்த மறுநாளே ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தார். அழவில்லை. துக்கம் கேட்டவர்களிடம் “சரி, சரி” என்றார். பேனாவில் மை தீர்ந்தது தெரியாமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

அந்த வாரம்தான் மாப்பிள்ளையூரணி முத்துக்கனி வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. அவள் புருஷன் சிங்கப்பூர் சண்டையில் மாட்டிக்கொண்டவன். தகவலே கிடையாது.

“அரிசி உண்டா, இல்லையா?”

“நெறைஞ்சிருக்கு, அண்ணாச்சி.”

பானை காலி என்பதைத்தான் எங்கள் பெண்கள் அப்படிச் சொல்வார்கள். அவருக்குத் தெரியாதா என்ன? ஆனாலும், “இல்லைன்னு சொல்லும்மா” என்றார்.

“அந்த வார்த்தை என் வாயில வராது. அவுக வார வரைக்கும் எங்க வீட்டுல எதையும் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.”

வரிசையின் கடைசிக்குப் போனாள். திரும்ப வந்தாள். அதே பதில். பிள்ளை பசியில் சிணுங்கியது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏன் அண்ணாச்சி இப்படிப் பாடாப் படுத்துதிய? வேற மாதிரி கேட்டாத்தான் என்ன?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம், “இன்னைக்கு உலை வச்சாச்சா?” என்றார். குரலில் ஒன்றுமே இல்லை.

“அரிசி வாங்கிட்டுப் போயித்தான் வைக்கணும்.”

‘இல்லை’ என்று எழுதிச் சீட்டைக் கொடுத்தார்.

அடுத்த மாதம் எங்கள் கார்டுகளையும் புதுப்பிக்க வேண்டி வந்தது. அவருடையது என் மேசைக்கு வந்தது. பழைய கார்டில் இரண்டு பேர். அவர் வாயால் சொல்லாமல் நான் மாற்ற முடியாது. மாற்றாவிட்டால் அவருக்கு அரிசி கிடையாது. அவர் போட்ட விதிதான், பாவி மனுஷன்!

“ரோஸ்... உண்டா, இல்லையா?”

கேட்கும்போதே என் நாக்குக் கூசியது. அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திரும்பக் கேட்டேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

அன்றைக்கும் வரிசையில் முத்துக்கனி நின்றிருந்தாள். “வேற மாதிரி கேளுங்க, அண்ணாச்சி” என்றாள் என்னிடம்.

நான் அவரிடம் கேட்டேன். “ராத்திரி உலையில எத்தனை பேருக்கு அரிசி போடுதிய?”

“ரெண்டு பேருக்குத்தான் போடுதேன், காசி” என்றார். “தெனமும் மிச்சமாயிப் போவுது.”

‘ஒருவர்’ என்று எழுதினேன். அழுதது நான்தான். அவர் “சரி, சரி” என்று கார்டை வாங்கிக்கொண்டு தன் மேசைக்குப் போனார்.