பசறைக் கடையில் வாங்கிய தலை லைட்

புது எலாஸ்டிக்கின் ரப்பர் வாசனை. நெற்றியில் மாட்டியதும் அது நேரே மூக்கில் ஏறியது. வெளியே நல்ல மழை. கடை வாசலில் விரித்திருந்த ஈரச் சாக்கின் வாசனையைக்கூட அது மறைத்துவிட்டது...

அப்போது நானும் என் சிநேகிதி கமலாவும் பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. இருவருக்கும் பசறைப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டம், வரிசை வீடுகளில் அடுத்தடுத்த லயம். எங்களோடு வேலை செய்த நிரோஷா அக்கா சிங்களப் பெண், தமிழும் நன்றாகப் பேசுவார். லீவு கிடைத்தால் அவரும் கணவர் சுனிலும் தங்கள் ஊருக்கு மேலே உள்ள மலையில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள்.

"பௌர்ணமிப் போயா லீவுக்கு நீங்களும் வாங்களே" என்று ஒருநாள் கூப்பிட்டார்.

எங்கள் லயத்தில் ஒரு பெண் பிள்ளை கூடாரத்தில் தங்கப் போனதாகச் சரித்திரமே இல்லை. அப்பாவிடம் கேட்டேன். மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை.

"வீடு இருக்கயில காட்டுல போயி எதுக்குப் புள்ள படுக்கணும்?"

"சும்மா பாக்கத்தாம்ப்பா. அக்காவோட வீட்டுக்காரரும் வர்றாரு."

அதோடு பேச்சு நின்றுபோனது. சில நாள் கழித்து அவரே ஆரம்பித்தார்.

"போறதுன்னா போ. நல்ல லைட்டு ஒண்ணு வாங்கிக்க. தலையில கட்டுறது இருக்காமே... திரும்பி வந்தா மாட்டுக் கொட்டாய்க்கும் ஆகுற மாதிரி பாத்து வாங்கு. ஒரு கையில டோர்ச்சப் புடிச்சுக்கிட்டு எப்புடிப் பால் கறக்குறது?"

அப்படித்தான் அந்தக் கடைக்குப் போனோம்.

கடைக்கார நானா முதலில் எடுத்து வைத்தது பெரிய பெட்டி. "இது மிச்சம் நல்லம் புள்ள, எதிர்க் கடைச் சுவர் வரைக்கும் அடிக்கும்." பின்மண்டையில் செங்கல் மாதிரி ஒரு பெட்டரி. கமலா அதை மாட்டிக்கொண்டு, பால் கறப்பதுபோல் கடை நடுவிலேயே குந்தினாள். லைட் சறுக்கி மூக்கில் வந்து நின்றது.

"இதக் கட்டிக்கிட்டு குனிஞ்சா மாட்டுக் காலுக்குள்ளதான்டி விழணும்!"

நானாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்தது சார்ஜ் போடுவது. அழகாக இருந்தது. ஆனால் எங்கள் தோட்டத்தில் மழைக்குக் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

கடைசியில் எடுத்தது சாதாரணமான ஒன்று. பாரமில்லை. முகப்பை மேலும் கீழும் சாய்க்கலாம். கூடுதலாகவும் எரியும், மங்கலாகவும் எரியும். அதற்குப் போடும் சின்ன பெட்டரி தோட்டக் கடையிலேயே கிடைக்கும். விலையும் எங்கள் கைக்கு எட்டியது. நானும் ஒருதரம் குந்திப் பார்த்தேன்... அசையவில்லை. அதையே வாங்கிக்கொண்டோம்.

மலையில் அந்தப் பின்னேரம் எவ்வளவு நன்றாக இருந்தது! காற்று, புல்வெளி, கீழே தூரத்தில் லயங்களின் தகரக் கூரைகள். தேத்தண்ணிக்குத் தண்ணீர் எடுக்க, கொஞ்சம் கீழே இருந்த ஊற்றுக்குக் கமலா தனியாகப் போனாள். அவள் போன கையோடு மூடுபனி இறங்கியது. பொழுதும் இருட்டிக்கொண்டு வந்தது. அவளைக் காணவில்லை.

கூப்பிட்டோம். பதில் வந்தது... ஆனால் எந்தப் பக்கமிருந்து என்று தெரியவில்லை.

சுனில் போன் வெளிச்சத்தோடு மேல் பக்கம் தேடப் போனார். வழி தெரிய வேண்டும் என்று நிரோஷா அக்கா கூடாரத்தடியில் நின்று சட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் ஹெட்லேம்ப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். லைட்டைப் போட்டதும் கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர். பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. கூட்டினேன், இன்னும் மோசம். அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைப்பதற்காக அதைக் கழற்றிக் கையில் தொங்கவிட்டேன். அப்போதுதான் காலடியில் புல் தெரிந்தது. புல்லுக்கு நடுவில் ஒற்றையடிப் பாதையும் தெரிந்தது. வெளிச்சத்தை முழங்காலுக்குக் கீழேயே பிடித்துக்கொண்டு, குனிந்தபடி ஒவ்வொரு அடியாக வைத்துப் போனேன்.

"கமலா!"

"அங்கயே நில்லுடி! இந்தப் பக்கம் சறுக்குது. கல்லு உருண்டு போனிச்சு, விழுந்த சத்தமே வரல..."

ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் முழுக்க அட்டை. நான் வயிறு தரையில் படப் படுத்துக் கையை நீட்டினேன். அவள் பிடித்த பிடி இருக்கிறதே... மறுநாளும் மணிக்கட்டு வலித்தது. சட்டிச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே இருவரும் மேலே ஏறி வந்தோம். கூடாரத்துக்குள் போனதும் கமலா அழுதாள். பிறகு, "தண்ணிச் சட்டிய அங்கயே உட்டுட்டேன்டி" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். ஏசுவார் என்று பார்த்தால் லைட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இனிமே போனா ஆளுக்கொரு லைட்டு வாங்கிக்கிட்டுப் போங்க" என்றார். போகாதே என்று சொல்லவில்லை. அன்று அவர்மேல் வந்த பிரியத்தை எப்படிச் சொல்வது...

அந்த லைட் பிறகு வீட்டுக்கே பொதுவாகிவிட்டது. முதல் நாள் மாடு மிரண்டு செம்பை உதைத்துவிட்டது. அதற்குப் பிறகு அப்பா மங்கலில் வைத்துத்தான் கறந்தார். அம்மா அதை மாட்டிக்கொண்டு தங்கச்சிக்குப் பேன் பார்ப்பார். கரண்ட் போனால் யார் தலைக்கு என்று சண்டையே நடக்கும்.

இப்போது நான் கொழும்பில். போன வாரம் பிள்ளைகளோடு கேம்பிங் போகலாம் என்று ஒன்லைனில் ஹெட்லேம்ப் தேடினேன். நூற்றுக்கணக்கில் வந்தன, ரிவியூ படித்தே களைத்துப்போனேன். குந்திப் பார்த்து வாங்க வழியில்லை. நாங்கள் போகும் இடத்தில் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே கரண்ட் வேறு இருக்கிறதாம்.

குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிற கமலாவுக்கு இரண்டு மூன்று லைட்டுகளின் படம் அனுப்பினேன். உடனே கோல் எடுத்தாள்.

"சாதாரணமானதையே எடுடி. எனக்கு இங்க லைட்டே வேணாம். ராத்திரியும் பகல் மாதிரிதான் இருக்கு. இருட்டப் பாத்தே எவ்வளவு நாளாச்சு..."

"லீவுக்கு எப்ப வர்ற?"

"இந்த வருசம் தர மாட்டாங்க போல."

உள்ளே யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள்.

நான் சாதாரணமானதையே ஓர்டர் போட்டு, அவள் வரும் நாளுக்கென்று அவளுக்கும் ஒன்று சேர்த்தேன்.