சில்லுக்குக் கட்டை போட்டவர்

அம்மாவின் அப்பப்பா தச்சர். புத்தூர்ப் பக்கத்துக் கோயிலொன்றில் தேர் ஓடும்போது சில்லுக்குக் கட்டை போட்டுத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர் வேலை. அந்தச் சில்லிலேயே நசுங்கிச் செத்தார். குடிவெறியில் விழுந்தவர் என்பது எங்கள் வீட்டுக் கதை. அம்மாவுக்கு வந்த சம்பந்தங்கள்கூட “குடிகாரன்ரை பரம்பரை” என்று குழம்பின. அவள் சாகும்வரை தேர் பார்க்கப் போனதில்லை. அவர் வெறியில் விழவில்லையென்று ஒருவராவது சொல்லவேண்டும், அதற்காகவே போன ஆவணியில் அரியாலையிலிருந்து பஸ் ஏறினேன்.

இப்போது கட்டை போடுகிறவருக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கும். தேர் நிற்கும் தேர்முட்டியடியில் புளியங்கட்டை செதுக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் வாய்ச்சியைக் கீழே வைத்தார்.

“வெறியோ? ஆர் சொன்னது? கட்டை போடுறவன் அண்டைக்குப் பச்சைத்தண்ணியும் குடியான் அக்கா. விரதம்.”

“அப்ப என்னெண்டு விழுந்தவர்?”

“விழேல்லை. கோயிலுக்கை விடாத சனம் ஒழுங்கை முனையிலை நிண்டுதான் கும்பிடுறது. அவையள் சாமியைப் பாக்கட்டுமெண்டு அதிலை கட்டையை வைச்சு நிப்பாட்டினவர். எடடா எண்டு கத்தினாங்கள். எடுக்காமல் சில்லுக்கு முன்னாலை குந்தியிட்டார். ஆள் இருக்க வடத்தை இழுத்தாங்கள். முதல் கால், பிறகு நெஞ்சு. சில்லைக் கழுவிப்போட்டு மிச்ச வீதியையும் சுத்தினவங்கள். எங்கடை பூட்டன் மற்றச் சில்லிலை நிண்டு பாத்தவர்.”

எனக்கு உச்சி கொதித்தது. கிடந்த கட்டையைத் தூக்கித் தேர்முட்டிச் சுவரில் ஓங்கி அடித்தேன். சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. திரும்பவும் அடித்தேன். கைத்தோல் உரிந்து இரத்தம் வந்தது. அவர் தடுக்கவில்லை.

“வடத்திலை முன்னுக்கு நிண்டவன் ஆர்? செத்துப்போயிருந்தாலும் அந்த அறுவான்ரை வாசலிலை போய் மண் அள்ளித் திட்டாமல் வீட்டை போகமாட்டன். சொல்லுங்கோ தம்பி!”

அவர் கட்டையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார்.

“செத்தவரின்ரை கூடப்பிறந்த தம்பிதான், அக்கா.”

அந்தத் தம்பிதான், தகப்பன் செத்தபிறகு, என் அம்மாவின் அப்பாவைத் தூக்கி வளர்த்தவர். வெறியில் விழுந்தார் என்று வீட்டுக்கு வந்து சொன்னவரும் அவரே. ஊரைவிட்டு வந்து அரியாலையில் அவர் கட்டிய வீட்டில்தான் நான் பிறந்தேன். திட்டுவதற்கு அள்ளிய மண்ணோடு நான் போய் நிற்கவேண்டிய வாசல் அதுதான்.