சோதனைக்கு அனுப்பிய மழை

மரக்காணத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

உப்பளங்களுக்காக நான் செய்திருக்கும் மழை எச்சரிக்கை ஆப்பை வெளியிடுவதற்கு முன்னால், ஒரே ஓர் உப்பளத்தில் சோதித்துப் பார்க்க நினைத்தேன். அங்கே மேஸ்திரியாக இருக்கும் செல்வி அக்காவின் போனில் போட்டுக் கொடுத்தேன்.

இன்று மதியம், மெசேஜ் போகிறதா என்று பார்க்க ஒன்று அனுப்பினேன்: "ஒரு மணி நேரத்தில் கனமழை." சோதனை என்று ஒரு வார்த்தை சேர்க்கத் தோன்றவில்லை. எனக்குத்தான் தெரியுமே!

நேரில் போனால், கொளுத்தும் வெயிலில் பன்னிரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். இன்னும் நாலு நாள் விளைய வேண்டிய உப்பைச் சேறோடு வாரிக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள்.

"வானத்துல பொட்டு மேகம் இல்லியேன்னு எல்லாரும் சொன்னாங்க. தம்பி இஞ்சினியரு, சும்மா அனுப்பாதுன்னு நான்தான் வெரட்டுனேன்" என்றார் அக்கா, மூச்சு வாங்க.

உண்மையைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஒருவர் மட்டும் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். "ஏம்பா, நெஜமாவே மழ வந்து நீ மெசேஜ் அனுப்புனா, நாங்க ஓடணுமா, இப்படியே உக்காந்துனு இருக்கணுமா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பி வந்துவிட்டேன்.

இப்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. ஆப்பும் மழை என்றுதான் சொல்கிறது.

அனுப்பட்டுமா, வேண்டாமா? யாராவது சீக்கிரம் சொல்லித் தொலையுங்கள்.