மணி தெரியாமல் போட்ட தேதி

போத்தனூர் கமால் பாய் காலமானதை அவர் மகன் போனில் சொன்னதும், நான் முதலில் கேட்டது "எத்தனை மணிக்குங்க தம்பி?" என்றுதான். "வியாழக்கிழமை அந்திக்கு, மஃரிப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்துலங்க" என்றார். என் கேள்வி அவருக்கு விநோதமாகப் பட்டிருக்காது. அவர் தகப்பனார் எவரிடமும் முதலில் கேட்பது அதைத்தான்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திய பாய், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வரும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினார். ஆங்கிலத் தேதியைக் கொடுத்தால் தமிழ்த் தேதி, திதி, ஹிஜ்ரித் தேதி மூன்றையும் சொல்லும் புரோகிராமைத் தானே எழுதினார். ஊர்க்காரர்களான உங்களில் பலர் அவரிடம் திதிச் சீட்டு வாங்கியவர்கள்தான். புரோகிராம் சொல்வதை ஒத்துப் பார்க்கப் பஞ்சாங்கம் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. எட்டாவதோடு நின்றவள் நான். விரத நாட்களுக்காக நானாகவே பஞ்சாங்கம் படிக்கப் பழகி, பழைய பஞ்சாங்கங்களைக் கட்டிக் கட்டி வைத்திருந்தேன். செவ்வாய்தோறும் மாசாணியம்மனுக்கு விளக்கு வைத்துவிட்டு இன்ஸ்டிட்யூட்டுக்குப் போவேன்; எங்களுக்கு அது பாய் கடை.

ஒருநாள் பஞ்சாங்கமும் புரோகிராமும் ஒத்து வரவில்லை. பாய் சிரித்தார். "எங்களுக்கு நாள் அந்திக்குப் பொறக்குதுங்க. உங்களுக்கு விடியறப்போ. வெள்ளைக்காரனுக்கு ஊரே தூங்கறப்போ. மூணு மாமியாகிட்ட மாட்டுன மருமவளாட்டம் முழிக்குதுங்க இந்தப் பொட்டி." அன்றைக்கே சீட்டில் மணிக்கென்று ஒரு கட்டம் சேர்த்தார். "மணி தெரியாம தேதி போடக் கூடாதுங்க அம்மணி" என்பார்.

எதிர்வீட்டு சரசக்காவின் வீட்டுக்காரர் இறந்து வருஷம் திரும்ப இருந்தது. திதி பார்க்கச் சொல்லி அக்கா என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். அதில் தேதி மட்டும் இருந்தது. அழுது ஓய்ந்திருந்தவரிடம் மணி கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடையில் பாய் கேட்டார்.

"மணி?"

"பகல்தானுங்க."

"நிச்சயமாத் தெரியுங்களா?"

"நான் சொன்னாப் போதாதுங்களா?"

அவர் பகல் என்று போட்டார்.

உயிர் போனது விடியுமுன் நாலு மணிக்கு; எங்கள் கணக்கில் அது முந்தின நாள். திதி ஒருநாள் தள்ளிப் போய்விட்டது. பேரூர்ப் படித்துறையில் எல்லாம் முடிந்த பிறகு புரோகிதர் பேச்சுவாக்கில் மணியைக் கேட்டு, நேற்றே கொடுத்திருக்க வேண்டும் என்றாராம். சரசக்கா நேராகக் கடைக்கு வந்தார். அன்று செவ்வாய், நானும் இருந்தேன்.

"பொட்டிய நம்பி எம்பட ஊட்டுக்காரரப் பட்டினி போட்டுட்டனுங்களே. எங்க திதி உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. "தப்பு என்னுதுங்க. மணி கேட்டிருக்கோணும்" என்றார். அவர் கேட்டார் என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

சரசக்கா சொன்னதையே பிறகு தெருவெல்லாம் சொன்னது. திதி பார்க்க யாரும் வரவில்லை. திதி பார்ப்பதாகக் கடைமுன் மாட்டியிருந்த பலகையைப் பாய் இறக்கினார். "நான் சொல்லிப்போடறனுங்க பாய்" என்று ஒருமுறை போய் நின்றேன். "நீங்க எதுத்த ஊட்டுலயே இருக்கோணுமல்லங்க. நான் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கந்தானுங்களே" என்றார். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. அதைத்தான் அம்மன் முன்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

நேற்று சரசக்காவிடம் சொல்லிவிட்டேன். "அவரு இருக்கறப்போ சொல்லியிருக்கலாமல்ல, கண்ணு" என்றார்.

பாய் பழக்கிய கேள்வி என்னிடம் இருக்கிறது. அதைக் கேட்காமல் விட்ட அந்த ஒரு தடவையும் இருக்கிறது. என் நோட்டில் அவர் போன நாளை எழுதும்போது முதலில் மணியை எழுதினேன். எனக்கு அது வியாழக்கிழமை. அந்தி சாய்ந்துவிட்டதால் அவருக்கு வெள்ளி பிறந்திருந்தது.

வெள்ளி என்றே எழுதியிருக்கிறேன்.