சாகாத சீனியர்

ஓசூரை அடுத்த மத்திகிரியில் நான் வாடகைக்கு இருந்தபோது, பக்கத்துத் தெரு மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஞாயிறு மதியமானால் தொழிற்சாலை ஆட்கள் ஆறு பேர் அங்கே கூடி, ஆறு கம்ப்யூட்டர்களையும் இணைத்துத் துப்பாக்கிச் சண்டை விளையாடுவோம். அதில் ஒருவர் மட்டும் சாகவே மாட்டார்.

அவர் எங்கள் கம்பெனியில் தரப் பரிசோதகர், எனக்குச் சீனியர். ஒரு மயிரிழை கூடினாலும் நான் செய்த பீஸை ரிஜெக்ட் தட்டில் போட்டுவிட்டு, "வேலைன்னா நேர்மை வேணும் தம்பி" என்று பாடம் எடுப்பார். விளையாட்டிலும் அதே மிதப்புதான். "உங்களுக்கெல்லாம் கை நடுங்குது. எனக்கு நடுங்காது, அவ்ளோதான்." ஓசூரில் தன்னை அடிக்க ஆளில்லை என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வார். ஆட்டத்தை எப்போதும் அவருடைய மூலை கம்ப்யூட்டரில்தான் தொடங்க வேண்டும். மற்றவர்கள் அதில் சேர்ந்துகொள்ள வேண்டும்.

ஒருமுறை மிக அருகில் நின்று அவர் முதுகில் அத்தனை குண்டுகளையும் இறக்கினேன். மனிதர் திரும்பி என்னைச் சுட்டார். அன்றுதான் சந்தேகம் வந்தது.

பர்கூர் காலேஜில் படித்த காலத்தில் எனக்கு உருப்படியாக வந்த ஒரே பாடம் அசெம்பிளி, அதாவது கம்ப்யூட்டரின் அடிமட்டக் கட்டளைமொழி. அவர் ஊருக்குப் போயிருந்த வாரம் மூலை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, விளையாட்டை டீபக்கர் என்ற ஆராயும் மென்பொருளில் திறந்து கட்டளை கட்டளையாக ஓடவிட்டேன். ஆட்டத்தைத் தொடங்கும் கம்ப்யூட்டர்தான் எல்லோருடைய உயிர்க்கணக்கையும் வைத்திருக்கும். குண்டு பட்டால் உயிரைக் குறைக்கும் இடம் மாலைக்குள் அகப்பட்டது. அங்கே ஒரேயொரு கழித்தல் இருக்க வேண்டும். அதற்குப் பதில், ஓட்டம் ஃபைலின் காலியிடம் ஒன்றுக்குத் தாவிப் போனது. அங்கே யாரோ செருகிய நான்கு வரிகள்: அடிபட்டவர் இந்தக் கம்ப்யூட்டரில் இருப்பவரென்றால் கழிக்காதே, மற்றவரென்றால் கழி.

அதுவும் அவர் கைவேலை இல்லை. பக்கத்து ஃபோல்டரிலேயே இணையத்திலிருந்து இறக்கிய ஃபைல், எப்படிப் போடுவது என்ற விளக்கத்தோடு கிடந்தது. திருட்டைக்கூடச் சொந்தமாகச் செய்யத் துப்பில்லை.

அழித்திருக்கலாம். நான் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். கம்ப்யூட்டருக்குக் கட்டளைகள் எல்லாமே எண்கள்தான்; 74 இருந்த இடத்தில் 75. 'அவரென்றால் கழிக்காமல் தாவு' என்பது 'அவரில்லையென்றால் கழிக்காமல் தாவு' ஆனது. இனி அவரைத் தவிர யாருக்கும் சாவில்லை.

அடுத்த ஞாயிறு முதல் நிமிடத்திலேயே செத்தார். மறுபடி எழுந்து, மறுபடி செத்தார். எங்களிலேயே மட்டமாக ஆடும் அத்திப்பள்ளி லேத்காரர் அவரை நாலு முறை சாய்த்துவிட்டு, "ஏனாய்த்து குரு?" என்று கன்னடத்தில் நலம் விசாரித்தார்.

சீனியர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எவன்டா என் ஃபைல்ல கை வெச்சது?"

"எந்த ஃபைலுங்க சீனியர்?" என்றேன்.

கீபோர்டைப் பார்த்தார். "வைரஸ் இருக்குது போல" என்று முணுமுணுத்தவர், வாசலில் வேறொருவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மற்றவர்களுக்கு எல்லாவற்றையும் திறந்து காட்டினேன். காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். லேத்காரர் என் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். "சார், அத எனக்கும் போட்டுக் குடுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." அந்த வாரத்துக்குள் மற்ற மூவரும் தனித்தனியாக வந்து அதையே கேட்டார்கள்; மூவரும் அதே சத்தியத்தைச் செய்தார்கள்.

நான் மட்டும் யோக்கியனா? அவர் சாகச் சாக ரசித்துக்கொண்டுதானே இருந்தேன்.

சனிக்கிழமை போய் ஆறு கம்ப்யூட்டர்களிலும் அசல் சிடியிலிருந்து விளையாட்டைப் புதிதாக ஏற்றினேன். இனி எல்லோருக்கும் சாவு உண்டு என்று எல்லோரிடமும் சொல்லியும் விட்டேன். மறுநாள் விளையாட வந்தவர்கள் என்னையும் சேர்த்து இரண்டே பேர்.